வலியில்லாக் குருதி



38 ஆண்டுகள் வகுப்பறையில் நின்று பழகியவன் நான். ஓய்வு பெற்ற பின்னும், எதிரே இளைஞர் இருக்கிறார்கள் என்று எண்ணினால், ஏதேனும் ஒன்றைக் கற்பிக்க வேண்டும் என்ற ஆவல் எழுகின்றது. இன்று நான் பேசக் கருதிய பொருள், கருவுற்ற தாய்மார்க்கு நேரும் ஓர் இடுக்கண். ‘இது பெண்டிர் பேச்சு, நமக்கென்ன?’ என்று ஆண் பிள்ளைகள் எழுந்து போய்விட வேண்டா. ஒரு காலத்தில் நானும் அவ்வாறு எண்ணியவனே. அவ்வெண்ணத்திற்கு என் குடும்பம் கொடுத்த விலையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1979-ஆம் ஆண்டு, ஐப்பசித் திங்கள். அப்போது எனக்கு வயது இருபது. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு பயின்றுகொண்டிருந்தேன். எங்கள் ஊர் தென்பெண்ணையாற்றை ஒட்டிய ஒரு சிற்றூர். என் தமக்கையார் இரண்டாம் பேற்றுக்காகத் தாய்வீடு வந்திருந்தார். அவருக்கு அப்பொழுது ஏழாம் மாதம். விடுமுறைக்கு நான் வீட்டிற்கு வந்திருந்த ஒரு நாள் மாலை, விளக்கேற்றும் நேரத்தில், அவருக்குத் திடீரெனக் குருதி போயிற்று. புடைவை நனைந்துவிட்டது. அம்மா பதறிப் போனார். வீட்டில் படித்தவன் நான் ஒருவனே ஆதலின், எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

“அக்கா, வலி இருக்கிறதா?” என்று கேட்டேன்.

“வலி ஒன்றும் இல்லை, தம்பி. வயிறும் இலேசாகத்தான் இருக்கிறது” என்றார்.

“வலி இல்லையென்றால் அச்சமில்லை, அம்மா. உடற்சூடாக இருக்கும். விடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்” என்றேன்.

விடிவதற்குள் குருதி தானே நின்றுவிட்டது. நான் சொன்னது மெய்யாயிற்று என்று அனைவரும் மகிழ்ந்தனர். மருத்துவமனைக்குப் போகும் பேச்சும் அத்துடன் நின்றது. ஒன்பது நாள் கழித்து நள்ளிரவில் மீண்டும் குருதி கண்டது. ஊர் மருத்துவச்சியை அழைத்து வந்தோம். எத்தனையோ பிள்ளைகளைக் கையேந்திய முதியவர் அவர். வாய் திறந்திருக்கிறதா என்று அறிய விரலிட்டுச் சோதித்தார். அந்நொடியே மடை திறந்தாற்போல் குருதி பெருகியது. மாட்டு வண்டியில் பெருஞ்சாலை வரையும், அங்கிருந்து ஒரு சரக்கு லாரியிலுமாக அக்காவை நகரத்து மருத்துவமனையில் சேர்த்தோம். செய்தி அறிந்து என் பயிற்சிப் பள்ளி விடுதித் தோழர் பதினால்வர் மழையில் நனைந்துகொண்டு ஓடி வந்தனர். அவர்களுள் ஐவரின் குருதி பொருந்தியது. மூவர் அவ்விரவே குருதி கொடுத்தனர். அக்கா பிழைத்தார். குழந்தை பிழைக்கவில்லை.

“முதல் நாளே அழைத்து வந்திருக்கலாமே” என்று மருத்துவர் கூறினார். அச்சொல்லில் கடுமை இல்லை. ஆயினும் அது இன்றும் என் செவியில் உள்ளது. அக்கா ஒரு நாளும் என்னைக் கடிந்து ஒரு சொல் சொன்னவர் அல்லர்.

நான் செய்த பிழை என்ன? உடற்கூற்றுப் பாடத்தில், ‘வலி என்பது உடல் தரும் எச்சரிக்கை’ என்று படித்திருந்தேன். தேர்விலும் எழுதி மதிப்பெண் பெற்றிருந்தேன். அக்கூற்று சரியே. ஆனால், ‘வலி இருந்தால் இடர் உண்டு, ஆகவே வலி இல்லையேல் இடர் இல்லை’ என்று நானாக ஒரு முடிவைச் சேர்த்துக்கொண்டேன். ‘மழை பெய்தால் முற்றம் நனையும், ஆகவே மழை இல்லையேல் முற்றம் நனையாது’ என்று ஒருவன் சொன்னால், ‘குடம் கவிழ்ந்தாலும் நனையுமே’ என்று ஆறாம் வகுப்பு மாணவனும் மறுப்பான். பிறருக்கு நான் திருத்தியிருக்கக்கூடிய பிழையை என் வீட்டிலேயே செய்தேன்.

இனி, அக்காவுக்கு நேர்ந்தது யாது என்பதைப் பார்ப்போம். கருப்பையில் வளரும் குழந்தைக்குத் தாயின் குருதியிலிருந்து உணவையும் உயிர்வளியையும் பெற்றுத் தருவது ஓர் உறுப்பு. உங்கள் உயிரியல் பாடநூல் அதனைத் தாய்சேய் இணைப்புத் திசு என்று கூறும். மருத்துவர் பிளாசென்ட்டா என்பர். நம் வீடுகளில் நஞ்சு என்றும் நஞ்சுக்கொடி என்றும் வழங்குவர். பெயரில் நஞ்சு இருப்பினும், குழந்தைக்கு அமுதூட்டுவது அதுவே. நிறைமாதத்தில் அது ஏறத்தாழ அரைக் கிலோ எடையுடன் ஒரு தட்டுப்போல் இருக்கும். குழந்தை பிறந்த பின்னரே அது கருப்பையிலிருந்து பிரிந்து வெளிவர வேண்டும்.

இந்நஞ்சு பெரும்பாலும் கருப்பையின் மேற்பகுதியிலோ நடுப்பகுதியிலோ ஒட்டி வளர்கின்றது. சிலருக்கு மட்டும் அது கீழே ஒட்டிக்கொண்டு, குழந்தை வெளிவர வேண்டிய கருப்பை வாயை மூடி நிற்கின்றது. இந்நிலைக்குப் ‘பிளாசென்ட்டா பிரீவியா’ என்று பெயர். பிரீவியா என்னும் இலத்தீன் சொல்லுக்கு ‘வழியில் முன்னே நிற்பது’ என்பது பொருள். நிறைமாதத்தை எட்டும் தாய்மாருள் ஏறத்தாழ 200 பேருக்கு ஒருவரிடம் இந்நிலை காணப்படுகின்றது. வாயை மூடாமல், அதன் விளிம்பு வாயிலிருந்து 2 சென்டிமீட்டருக்குள் நிற்குமாயின் அதனைத் தாழ்ந்த நஞ்சு என்பர்.

குருதி ஏன் வருகின்றது? வலி ஏன் இல்லை? ஒரு பலூனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வாயருகே ஒரு காகிதத் துண்டை ஒட்டி, மெல்ல ஊதுங்கள். ரப்பர் விரிகின்றது, காகிதம் விரிவதில்லை. ஆகவே காகிதத்தின் விளிம்பு பெயர்ந்துவிடுகின்றது. பேறுகாலத்தின் கடைசி மூன்று மாதங்களில் கருப்பையின் கீழ்ப்பகுதியும் இவ்வாறே மெலிந்து விரிகின்றது. அங்கே ஒட்டியுள்ள நஞ்சு உடன் விரிய மாட்டாமல் விளிம்பில் பெயர்கின்றது. பெயர்ந்த இடத்துக் குருதிக் குழல்கள் திறந்துகொள்கின்றன. கருப்பையின் மேற்பகுதியில் தசை மிகுதி. அது சுருங்கிக் குழல்களை நெரித்துக் குருதியை அடக்கும். கீழ்ப்பகுதியில் தசை குறைவு. அடக்கும் ஆற்றலும் குறைவு. கருப்பை சுருங்கி இழுப்பதனால் வரும் குருதி அன்று ஆதலின், பெரும்பாலும் வலி தோன்றுவதில்லை. செக்கச் சிவந்த குருதி, வலியின்றி, பெரும்பாலும் உழைப்போ அடியோ இன்றியே வரும். முதன்முறை வருவது பல வேளைகளில் தானே நின்றுவிடும். அது நின்றதுகொண்டு நோய் நீங்கிற்று என எண்ணுதல் தவறு. அடுத்து வருவது எந்நாளில், எவ்வளவு என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்திற்கு அரை லிட்டருக்கும் மேலான குருதி பாய்கின்றது என்பதை நினைத்துப் பாருங்கள். காலம் எத்துணை அருமையானது என்பது விளங்கும்.

நஞ்சு சரியான இடத்தில் இருந்தும், குழந்தை பிறக்குமுன்னே பெயர்ந்துவிடுகின்ற வேறொரு நிலையும் உண்டு. அதில் பெரும்பாலும் வயிறு கல்போல் இறுகிக் கடும் வலி தோன்றும். இரண்டுமே உயிருக்கு இடர் தருபவை. எது எது என்று வீட்டிலிருந்து ஆராய்தல் நம் வேலையன்று. கருவுற்றவருக்குக் குருதி கண்டால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், நின்றாலும் நிற்காவிட்டாலும், உடனே மருத்துவமனை செல்ல வேண்டும்.

ஒரு காலத்தில் மருத்துவருக்கும் இந்நிலையில் செய்வதற்கு வழி மிகக் குறைவாகவே இருந்தது. நோய் தெரிந்தவுடன் எந்த மாதமாயினும் பேற்றை முடித்துவிடுவதே முறை என்று நெடுங்காலம் கருதினர். தாய் தப்பினாலும், குறைமாதக் குழந்தைகள் பல இறந்தன. வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் பணியாற்றிய மருத்துவர் மக்காபி என்பவர் 174 தாய்மாரின் வரலாறுகளை ஆராய்ந்து 1945-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். உள்ளே கைவைத்துச் சோதிக்காதிருப்பின் முதற் குருதிப்போக்கால் உயிர் போவது அரிது என்பதை அவர் கண்டார். ஆகவே தாயை மருத்துவமனையிலேயே வைத்துக் காத்து, கொடுப்பதற்குக் குருதியும் அறுவைக்கு ஏற்பாடும் எந்நேரமும் ஆயத்தமாக இருக்க, குழந்தை வளரும் வரை காத்திருக்கலாம் என்று காட்டினார். அக்காத்திருத்தல் சோம்பலன்று, விழித்திருந்து காக்கும் காவல். நானும் ‘விடியட்டும்’ என்று காத்திருந்தேன். அவர் சொன்ன காத்திருத்தலுக்கும் என் காத்திருத்தலுக்கும் இடையே ஓர் உயிர் இருந்தது.

அடுத்த பெரும் முன்னேற்றம் ஒலியால் வந்தது. உலோகத்திற்குள் மறைந்துள்ள விரிசலைக் கண்டறியத் தொழிற்சாலைகளில் மீயொலிக் கருவியைப் பயன்படுத்தி வந்தனர். கிளாஸ்கோ நகர மருத்துவர் அயன் டொனால்ட் அதனை மனித உடலை ஆராயப் பயன்படுத்தி, 1958-ஆம் ஆண்டில் தம் முடிவுகளைத் தோழர்களுடன் வெளியிட்டார். இன்று நாம் ஸ்கேன் என்று சொல்லும் அல்ட்ராசவுண்ட் பரிசோதனை அவ்வழியில் வளர்ந்தது. விரலால் தொட்டறிய முயன்று குருதியைப் பெருக்கிய காலம் போய், தொடாமலே நஞ்சின் இடத்தைக் காணும் காலம் வந்தது.

கருவுற்ற 18 முதல் 20 வாரங்களுக்குள் செய்யும் ஸ்கேனில் நஞ்சு எங்குள்ளது என்பதையும் குறிப்பர். அப்போது ‘நஞ்சு கீழே உள்ளது’ என்று எழுதியிருப்பின் நடுங்க வேண்டுவதில்லை. முன்சொன்ன பலூனின் வாயருகே காகிதத்திற்குப் பதிலாக மையால் ஒரு புள்ளி வைத்து ஊதுங்கள். ஊத ஊதப் புள்ளி வாயைவிட்டு விலகிச் செல்லும். அவ்வாறே கருப்பை வளர வளர, பத்தில் ஒன்பது பேருக்கு நஞ்சு வாயைவிட்டு விலகிவிடுகின்றது. ஆயினும் விலகிற்றா என்று பார்த்தறிய வேண்டும் அன்றோ? ஆகவே 32-ஆம் வாரத்தில் மீண்டும் பார்ப்பர். அப்போதும் விலகாதிருப்பின் 36-ஆம் வாரம் அளவில் மறுபடியும் பார்ப்பர். பிறப்பு வழியே சிறு கருவியைச் செலுத்திச் செய்யும் ஸ்கேன் தூரத்தைத் துல்லியமாகக் காட்டும். அக்கருவி கருப்பை வாய்க்குள் நுழைவதில்லை ஆதலின், தேர்ந்தவர் கையில் அது தீங்கற்றது.

நோய் இன்னதெனத் தெளிந்தபின் செய்ய வேண்டுவன யாவை? முதலாவது, நஞ்சின் இடம் தெளிவாகத் தெரியும்வரை யாரும் விரலிட்டுச் சோதித்தல் கூடாது. கணவன் மனைவி உறவையும் தவிர்க்க வேண்டும். பளுவான வேலை வேண்டா. ஆனால் நாள் முழுதும் படுக்கையிலேயே கிடந்தால் நோய் தடைப்படும் என்பதற்குச் சான்றில்லை. மருத்துவமனைக்கு அண்மையில் தங்குதலும், இரவும் பகலும் ஒருவர் துணையிருத்தலும், ஊர்தி வசதியும் இன்றியமையாதன. குருதிச் சோகை இருப்பின் இரும்புச்சத்து தந்து முன்னரே நீக்க வேண்டும். வங்கியில் இருப்பு வைத்தவனே திடீர்ச் செலவைத் தாங்குவான். தாயின் குருதி வகையை அறிந்து வைக்க வேண்டும். அது ஆர்எச் நெகட்டிவ் வகையாயின், குருதி கண்டபோது அதற்கென உள்ள ஆன்ட்டி-டி ஊசி தேவைப்படும். 34 வாரங்களுக்கு முன்னே பேறு நிகழக்கூடும் என்று தோன்றினால், குழந்தையின் நுரையீரல் விரைந்து முதிர்வதற்குத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவர். நஞ்சு வாயை மூடியே இருப்பின், குருதி அடிக்கடி போகாதவர்க்கு 36-ஆம் வாரம் முடிந்தபின் 37-ஆம் வாரத்தை ஒட்டி நாள் குறித்துச் சிசேரியன் அறுவையால் குழந்தையை எடுப்பர். அடிக்கடி குருதி போயிற்றென்றால் இன்னும் முன்னதாகச் செய்ய நேரும். விளிம்பு 2 சென்டிமீட்டருக்கு அப்பால் விலகிவிட்டால் இயல்பான பேறும் ஆகலாம்.

இந்நிலை யாருக்கும் வரலாம். முன்பு சிசேரியன் ஆனவர்க்கும், பல பிள்ளை பெற்றவர்க்கும், 35 வயதைக் கடந்தவர்க்கும், புகைபிடிப்பவர்க்கும் வாய்ப்பு மிகுதி. முந்தைய அறுவையின் தழும்பின்மீது நஞ்சு ஒட்டினால், அது ஆழ வேரூன்றிப் பிரியாமல் போகும் இடரும் உண்டு. எத்தனை முறை அறுவை நடந்ததோ அத்தனைக்கத்தனை அவ்விடர் ஏறுகின்றது. தேவையுள்ள இடத்தில் சிசேரியன் உயிர் காக்கும். தேவையில்லாத இடத்தில் அதனை நாமாக விரும்பிக் கேட்டல் நன்றன்று.

நேயர்களே, என் கதையின் பிற்பகுதியையும் கேளுங்கள். அக்காவின் மூத்த மகள் 2006-ஆம் ஆண்டில் இரண்டாம் முறை கருவுற்றிருந்தாள். முதற்பேறு சிசேரியன். இருபதாம் வாரத்து ஸ்கேனில் நஞ்சு கீழே இருப்பது தெரிந்தது. 32-ஆம் வாரத்திலும் அது விலகவில்லை. மருத்துவமனைக்கு அருகே இருந்த என் வீட்டிற்கு அவளை அழைத்து வந்துவிட்டோம். ஒரு நாள் பின்னிரவில் என் அறைக் கதவைத் தட்டினாள்.

“மாமா, குருதி படுகிறது. வலி இல்லை” என்றாள்.

அந்த இரண்டு சொற்களை 27 ஆண்டுகளுக்கு முன்னர் அவள் தாய் சொல்லக் கேட்டவன் நான். இம்முறை ‘விடியட்டும்’ என்று சொல்லவில்லை. கால்மணி நேரத்திற்குள் அவள் மருத்துவமனையில் இருந்தாள். குருதி நின்றது; ஆனால் அவளை வீட்டிற்கு அனுப்பவில்லை. மூன்று வாரங்களுக்கு மேல் அங்கேயே வைத்துக் காத்தனர். 37-ஆம் வாரத் தொடக்கத்தில் அறுவை நடந்தது. இரண்டு யூனிட் குருதி செலுத்த வேண்டியிருந்தது. ஆண் குழந்தை, நலமாகப் பிறந்தது. பிள்ளையை முதலில் அக்காவின் கையில்தான் கொடுத்தார்கள். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அப்பிள்ளை இன்று கல்லூரியில் பயில்கின்றான். அவன் வயதுடையோரை எண்ணியே இப்பேச்சை எழுதினேன்.

மாணவ மணிகளே! நீங்கள் மருத்துவர் ஆக வேண்டும் என்பதில்லை. உங்கள் இல்லத்தில் ஒரு தாய் கருவுற்றிருப்பின், அவருடைய ஸ்கேன் தாளில் நஞ்சின் இடம் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்று படித்துச் சொல்லுங்கள். ஆணா பெண்ணா என்று கேட்பது சட்டப்படி குற்றம். நஞ்சு எங்கே என்று கேட்பது கடமை. மறு ஸ்கேனுக்கு உரிய நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். குருதி கண்டது என்ற சொல் காதில் விழுந்தால், தமிழ்நாட்டில் 108 என்னும் எண்ணை அழைக்கத் தயங்காதீர்கள். பதினெட்டு வயது நிறைந்து, உடல் எடை 45 கிலோவுக்குக் குறையாமல் நலமாக இருப்பின், குருதிக் கொடை அளியுங்கள். எங்கோ ஓர் அறுவைக் கூடத்தில், பெயர் தெரியாத ஒரு தாய்க்கு அது பயன்படும். அன்று மழையில் நனைந்து வந்த என் தோழர் மூவரின் குருதியால்தான் என் அக்கா இன்று எழுபதைக் கடந்து பேரப்பிள்ளைகளுடன் வாழ்கின்றார்.

பள்ளியில் நான் எத்தனையோ பாடங்கள் நடத்தியிருக்கிறேன். ஒன்றை மட்டும் என் பிழையிலிருந்து கற்றேன். அதனை இன்று உங்களிடம் ஒப்படைக்கிறேன். கருவுற்றவருக்குக் குருதி கண்டால், வலி உண்டா என்று கேட்டுக்கொண்டிராதீர்கள். வண்டி எங்கே என்று கேளுங்கள்.